கரண்டி நிற்காத டிராமிசு

பெல்லார்மின் பதினோரு வருசம் கப்பலில் இருந்தார் என்பது உண்மை. அது இத்தாலிக்காரன் கப்பல் என்பதும் உண்மை. அதற்கு மேல் அவர் வாயிலிருந்து வருகிற எதையும் அவருடைய மதினி பிரிஜித்தா காதுக்குள்ளே விடுவதில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். கப்பலில் அவர் பார்த்த வேலை படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவைத்துத் தேய்த்து அடுக்குவது. கேட்டால் "சமையல்கட்டுப் பக்கம்" என்பார். துணி துவைக்கிற அறை சமையல்கட்டுக்கு அடுத்த கதவு என்பதால் அதைப் பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அந்த ஒரு கதவை வைத்துக்கொண்டு மனிதர் இருபது வருசமாகத் தூத்துக்குடியில் கதை அளந்துகொண்டிருந்தார்.

அளந்தால் அளக்கட்டும், யாருக்கு என்ன நட்டம் என்றுதான் பிரிஜித்தாவும் விட்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அது அவள் மகள் கல்யாணப் பேச்சில் வந்து விழுந்தது.

மகள் செல்சியாவும் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கிற டெரன்ஸும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர்மேல் ஒருவர் ஆசை வைத்திருப்பது மாதா கோயில் புறாக்களுக்குக்கூடத் தெரியும். தெரியாததுபோல் இருந்தது டெரன்ஸின் அம்மா பிலோமினா மட்டுந்தான். அந்த அம்மாள் பதினாறு வருசம் இத்தாலியில் ஒரு கிழவியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பி மூன்று வருசம் ஆகியும் பேச்சில் "எங்க ஊர்ல" என்றால் அது இத்தாலி. மகனோடு பெண் பார்க்க வந்தவர், பிரிஜித்தா நெய் ஒழுகக் கிண்டி வைத்த கேசரியை ஒற்றை விரலால் தள்ளி வைத்தார்.

"இன்னும் இதெல்லாமா செய்யுதிய? எங்க ஊர்ல சாயங்காலம் டிராமிசு இல்லாம நமக்கு ஒண்ணும் இறங்காது."

அதென்ன என்று பிரிஜித்தா கேட்பதற்குள் அவரே சொன்னார். காப்பியில் நனைத்த பிஸ்கட் ஒரு படுக்கை, அதன்மேல் முட்டையும் பாலாடையும் அடித்த நுரை ஒரு படுக்கை, மறுபடி பிஸ்கட், மறுபடி நுரை, உச்சியில் கொக்கோத் தூள். குளிரவைத்து எடுத்தால் அடுக்கு அடுக்காக நிற்குமாம். கேசரி வைத்த வீட்டுக்காரிக்கு முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தனார் வாயைத் திறந்தார்.

"டிராமிசா? அட, எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா அதுதானே. நம்ம கைப்பக்குவம். கேசரிதான் நீங்க வாரியன்னு புதுசாச் செஞ்சு பாத்தது."

பிலோமினா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? அப்ப வார ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வாரேன். கண்ணாடிப் பாத்திரத்துல வைங்க. படுக்கை படுக்கையா நிக்கணும். கரண்டிய நட்டா சாயக் கூடாது. அதப் பாத்துட்டு தேதியப் பேசுவோம்."

அவர்கள் படியிறங்கியதும் பிரிஜித்தா திரும்பினாள். "தம்பி, உம்ம வாயில வசம்ப வச்சுத் தேய்க்க. நெசமாவே தெரியுமா?"

"தெரியுமாவா?" என்று சிரித்தார் பெல்லார்மின். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு சமையல்கட்டில் வேலை ஆரம்பித்தது. நுரைக்கு வேண்டிய இத்தாலிக்காரன் சீஸ் கிடைக்காது என்பதால் முந்தின நாளே கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள் பிரிஜித்தா. பாலாடை இருந்தது, முட்டை இருந்தது, பிஸ்கட்டுக்குப் பதில் கோயில் பக்கத்து பேக்கரி ரஸ்க் இருந்தது, கிறிஸ்துமஸுக்குப் போட்ட வீட்டு ஒயினில் ரெண்டு கரண்டி மிச்சம் இருந்தது. இத்தனையும் அவள் சேர்த்தது. பெல்லார்மின் கொண்டுவந்தது அவர் வாயை மட்டும். நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய அண்ணன், அதாவது பிரிஜித்தாவின் வீட்டுக்காரர் கஸ்பார், வாசல் நிலையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைந்த மனிதர், ஆனால் காது திறந்தே இருக்கும்.

"டிக்காசனுக்கு எத்தனை கரண்டி தூள்?" என்றாள் பிரிஜித்தா.

"கரண்டிக் கணக்கெல்லாம் வீட்டோட சரி மதினி. கப்பல்ல நான் போட்ட டிக்காசன் இருக்கே, அதக் கேளுங்க. சூயஸ் தாண்டி நடுக்கடல்ல எண்ணெய் தீந்துபோச்சு. கேப்டன் தலையில கைய வச்சு உக்காந்துட்டான். நான் ஒரு அண்டா டிக்காசனத் தூக்கிட்டுப் போய் எஞ்சின்ல ஊத்துனேன். கெளம்புச்சு பாருங்க! ஜெனோவா துறைமுகத்துல கப்பல நிறுத்த முடியல. மூணு தடவ ஊரச் சுத்திட்டு வந்துதான் நின்னுச்சு."

"ஊரையா?" என்றாள் செல்சியா. "கப்பலா?"

"வேகம் மக்கா, வேகம்."

கஸ்பார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஏல பெல்லு, பால் ஊத்துனியா, கருப்பா ஊத்துனியா?"

"கருப்பாத்தான்."

"அதானே பாத்தேன். பால் ஊத்தியிருந்தா இந்த வேகம் வராது."

பிரிஜித்தா தன் கணக்குக்கு ஆறு கரண்டித் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றினாள். கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்லத் துப்பில்லை, கப்பலை ஓட்டுகிறாராம் கப்பலை. மகளின் வாழ்க்கை இந்த ஆள் வாயில் மாட்டிக்கொண்டதை நினைக்க நினைக்க அவளுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது.

செல்சியா வெந்நீர்ச் சட்டிமேல் பாத்திரத்தை வைத்து மஞ்சள் கருவையும் சீனியையும் அடித்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரமாக அடித்தும் நுரை கட்டவில்லை. கை மாற்றி மாற்றி அடித்தாள், முழங்கை கடுத்தது.

"கையால அடிச்சா அப்படித்தான்," என்றார் சித்தப்பா. "நான் எங்க கையால அடிச்சேன்? ஒரு நாள் புயல். கப்பல் இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுது. எல்லாரும் ஜெபமாலைய எடுத்துட்டு முழங்கால்ல நிக்காவ. நான் முந்நூறு முட்டைய உடைச்சுத் தொட்டியில ஊத்தி, தொட்டியக் கொடிமரத்துல கட்டிவிட்டேன். அலை அடிச்ச அடியில நுரை பொங்கித் தளம் நிறைஞ்சு கடல்ல இறங்கிருச்சு. நாலு மைலுக்குக் கடல் வெள்ளை. பறந்துட்டிருந்த கடல்காக்கா பூரா அதுல வந்து உக்காந்து எழும்ப முடியாம மாட்டிக்கிருச்சு. ஒவ்வொண்ணாப் புடுங்கி மீசையத் தொடச்சு அனுப்புனேன்."

"காக்காவுக்கு ஏது சித்தப்பா மீசை?"

"நுரை மீசை மக்கா. பாதிக் காக்கா இனிப்ப விட்டுட்டுப் போக மனசில்லாம ஜெனோவா வரைக்கும் கூடவே வந்துச்சு."

"இங்கயும் ஒரு புயலக் கூப்பிடும் தம்பி," என்றாள் பிரிஜித்தா. "பிள்ளைக்குக் கை வலிக்கு." பாத்திரத்தை மகளிடமிருந்து பிடுங்கித் தானே அடித்தாள். கொழுந்தனார்மேல் இருந்த கோபத்தையெல்லாம் முட்டையில் காட்டினாள். ஐந்து நிமிசத்தில் வெளுத்துத் திரண்டு வந்துவிட்டது. தயிரையும் பாலாடையையும் போட்டுக் கலந்தாள். ருசி பார்த்த செல்சியாவின் முகம் மலர்ந்தது. பிரிஜித்தாவுக்கும் முதல்முறையாக நம்பிக்கை வந்தது.

ரஸ்க்கை எடுத்தாள். அப்போது பெல்லார்மின் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். கப்பலும் இல்லை, புயலும் இல்லை.

"மதினி, இது மட்டும் கவனம். காப்பியில முக்குறது ஒரு சிலுவை அடையாளம் போடுற நேரந்தான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி, ஆமென், எடுத்துரணும். அதுக்கு மேல விட்டா போச்சு."

பிரிஜித்தாவின் சமையல்கட்டில் கடிகாரம் ஒன்று உண்டு, அதை அவள் பார்த்ததில்லை. அவள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான், நேரம் ஜெபத்தில் ஓடும். முட்டை அரைவேக்காடு வேக மூன்று பரலோக மந்திரம். இடியாப்பத்துக்கு ஜெபமாலையில் ஒரு பத்து. மீன் போட்டபின் குழம்பை இறக்க ஒரு விசுவாசப் பிரமாணம். ஒருநாளும் தப்பியதில்லை. ரஸ்க் முக்குவதோ பல் முளைத்த நாளிலிருந்து அவள் கை செய்கிற வேலை. கோயில் பக்கத்து ரஸ்க் கல் மாதிரி இருக்கும், அது ஊற, சிலுவை அடையாளத்தைப்போல் ஐந்து மடங்கு நீளமான ஒரு முழுப் பரலோக மந்திரம் வேண்டும். காப்பியில் ரஸ்க் முக்க, எஞ்சினில் டிக்காசன் ஊற்றிய ஆளிடமா பாடம் படிக்க வேண்டும்?

"சரி தம்பி," என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு ரஸ்க்கையும் காப்பியில் அமுக்கிப் பிடித்து, பரலோகத்திலிருந்து ஆமென் வரைக்கும் உதட்டுக்குள் சொல்லி முடித்துத்தான் எடுத்தாள். ரஸ்க் நன்றாக உப்பிக்கொண்டு வந்தது. அதை உடையாமல் தாங்கிக் கண்ணாடிப் பாத்திரத்தில் படுக்க வைத்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி. இந்த வாய்ச்சவடால்காரன் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தால் எதுவும் சரியாகத்தான் வரும் என்பது அவள் அனுபவம்.

தன் பேச்சு எடுபட்டது என்று நினைத்த பெல்லார்மின் நாற்காலிக்குத் திரும்பினார், கதைக்கும் திரும்பினார்.

"ஜெனோவாவுல திருநாளுக்கு ஒண்ணு செஞ்சு குடுன்னு ஊரே கால்ல விழுந்துச்சு. மொத்தம் நூத்தி நாப்பத்தேழு படுக்கை. உச்சியில கொக்கோ தூவ ஏணி வச்சுக் காலையில ஏறுனவன், சாயங்காலம்தான் மேல போய்ச் சேந்தேன். கீழ பாத்தா கலங்கரை விளக்கம் என் முட்டிக்குக் கீழ கெடக்கு. துறைமுக அதிகாரி குழல வச்சுக் கத்துதான், கப்பல் வந்து மோதிரும், உச்சியில ஒரு சிவப்பு விளக்கக் கட்டுன்னு. கட்டிட்டுத் தூளத் தூவுதேன், வந்துச்சு பாருங்க ஒரு தும்மல்! அத்தனை கொக்கோவும் பறந்து ஊர மூடிருச்சு. மறுநாள் பகல் பன்னெண்டு மணிக்குக் கோழியெல்லாம் கூட்டுல அடைஞ்சிருச்சு. கோயில்ல சாயங்கால ஜெபத்த ஆரம்பிச்சுட்டாவ."

"அது சரியலையா?" என்றார் கஸ்பார்.

"சரியவா? மூணு மாசம் ஊர் சனம் ஏணி வச்சுத் தின்னுச்சு. நான் நட்ட கரண்டி மட்டும் இன்னும் அங்கயே நிக்கு."

"அங்க நிக்கட்டும்," என்றாள் பிரிஜித்தா. "இங்க நின்னாப் போதும்." மேலே கொக்கோவைத் தூவிப் பாத்திரத்தைக் குளிர்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அப்போது மணி ஒன்பது.

சாயங்காலம் ஐந்தாக இன்னும் கால்மணி இருக்கும்போது கதவைத் திறந்தாள். அடுக்கைக் காணோம். கண்ணாடி வழியே பார்த்தால் கீழே பழுப்புத் தண்ணீர், நடுவில் கூழ், மேலே கொக்கோ திட்டுத் திட்டாக மிதந்துகொண்டிருந்தது. கரண்டியை நட்டுப் பார்த்தாள். அது சாயக்கூட இல்லை, நேராக உள்ளே முங்கிப் போனது. செல்சியா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா" என்று ஒரு சொல்தான் சொன்னாள். கண் நிறைந்துவிட்டது.

பெல்லார்மினும் வந்து பார்த்தார். "மதினி, எவ்வளவு நேரம் முக்குனிய?"

"ஒரு பரலோக மந்திரம்."

நான் அப்பவே சொன்னேனே என்றுகூட அவர் சொல்லவில்லை. அந்த வாய் மூடி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. நூறு புளுகைக் கேட்டுச் சகித்தவளுக்கு அந்த மௌனத்தைச் சகிக்க முடியவில்லை. தப்பு அவளுடையது. மகள் கல்யாணத்தைக் கெடுத்தது கொழுந்தனாரின் வாய் இல்லை, அவளுடைய ஏளனம். இது நன்றாகப் புரிந்த அந்த நிமிசத்தில் வாசலில் மணி அடித்தது.

பிலோமினாவும் டெரன்ஸும் உள்ளே வர, வெள்ளை விரிப்பு போட்ட மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லை, கண்ணாடிப் பாத்திரம் நடுவில் வந்தது. பிலோமினா அதைக் குனிந்து பார்த்தார். கரண்டியை எடுத்து நட்டார். கரண்டி மெல்லச் சாய்ந்து, ஒருமுறை திரும்பி, முங்கியது. தெறித்த காப்பி வெள்ளை விரிப்பில் பட்டது.

"இது நிக்கலையே," என்றார் பிலோமினா.

எல்லாரும் பெல்லார்மினைப் பார்த்தார்கள். "அது வந்து..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. கடலையே நுரையாக்கியவருக்கு ஒரு பாத்திரத்துக்குச் சொல்ல வார்த்தை இல்லை. டெரன்ஸ் செல்சியாவைப் பார்த்தான், செல்சியா தரையைப் பார்த்தாள்.

"நிக்காது அக்கா," என்று ஒரு குரல் கேட்டது. பிரிஜித்தாவுக்கே அது தன் குரல்தானா என்று சந்தேகம். "நிக்கக் கூடாது. நீங்க அங்க பாத்தது காஞ்சது."

"காஞ்சதா?"

"ஆமா. நானூறு வருசத்துக்கு முன்ன இந்தக் கடற்கரையில ஒரு கப்பல் உடைஞ்சு, இத்தாலிச் சாமியார் ஒருத்தர் கரை ஒதுங்குனாரு. ஒதுங்குனது இந்தத் தெருவுல, இந்த வீட்டு வாசல்ல. இவங்க வம்சத்துல ஒரு பாட்டி காப்பியும் ரஸ்க்கும் குடுத்து, மேல பாலாடைய அள்ளிப் போட்டாவ. சாமியார் ஒரு வாய்தான் சாப்பிட்டாரு. எழும்பிப் போய் உடைஞ்ச கப்பல ஒத்தக் கையால கரைக்கு இழுத்துட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ஆணி அடிச்சு முடிச்சுட்டாரு."

கஸ்பாரின் கையிலிருந்த பேப்பர் நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை.

"ஊருக்குக் கொண்டு போறேன்னு ஏழு பானை நிறையக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. ஆப்பிரிக்காவச் சுத்தி ஆறு மாச வெயில். பானைக்குள்ள எல்லாம் வத்திக் காஞ்சு படுக்கை படுக்கையா இறுகிருச்சு. அங்க எறக்கும்போது செங்கல் மாதிரி நின்னுச்சாம். இதுதான் பதம்போலன்னு அவங்க நினைச்சுட்டாவ. பாவம், இன்னைக்கு வரைக்கும் காஞ்சதத்தான் தின்னுட்டு இருக்காவ."

டெரன்ஸ் மெதுவாகக் கேட்டான். "அத்தை, நானூறு வருசத்துக்கு முன்ன இங்க ரஸ்க் இருந்துச்சா?"

"ரஸ்க் வேற எங்க இருந்து வந்துச்சுன்னு நினைக்கிய தம்பி?" என்று பிரிஜித்தா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "செய்முறைய அந்தச் சாமியாரே கைப்பட எழுதிக் குடுத்தது எங்க அலமாரியில இருந்துச்சு. போன மழைக்குக் கரையான் அரிச்சிருச்சு. காப்பிக் கறை பட்ட தாளுல்லா அது. அதத் தின்ன கரையான் இன்னும் தூங்கல அக்கா. காத வச்சா கேக்கும், நடந்துட்டே இருக்கு."

பெல்லார்மின் வாயைப் பிளந்தபடி மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருசத் தொழிலில் தனக்கு இது தோன்றவில்லையே என்கிற ஏக்கம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பிலோமினா கிண்ணத்தை எடுத்துத் தானே அள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். கிண்ணம் காலியாகும்வரை தலை நிமிரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"நீங்க இவ்வளவு பெரிய பொய் சொன்னதுக்கப்புறம் நான் ஒரு சின்ன உண்மையாவது சொல்லலன்னா நல்லாருக்காது. பதினாறு வருசம் அங்க இருந்தேன். ஞாயித்துக்கிழமை அந்தக் கிழவிக்கு மக கண்ணாடிப் பாத்திரத்துல இதக் கொண்டு வருவா. அவங்க தின்னு முடிச்சதும் பாத்திரம் என்கிட்ட வரும், கழுவ. ஒருநாள்கூட, நீயும் ஒரு கரண்டி சாப்பிடுன்னு யாரும் சொல்லல. நிக்கும், சாயாதுன்னு பாத்த கண்ணுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது. ஒரு தடவ கழுவும்போது ஓரத்துல ஒட்டியிருந்தத விரலால தொட்டு நக்குனேன். காப்பி வாசன அடிச்சுச்சு. இதுலயும் அடிக்கு." சற்று நிறுத்திச் சேர்த்துக்கொண்டார். "உங்க கொழுந்தனார் வாரா வாரம் செய்யுதோம்னு சொன்னாரா, சரி, இங்கயாவது ஒரு கிண்ணம் உக்காந்து சாப்பிட்டுருவோம்னு வந்தேன்."

பிரிஜித்தா பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிலோமினா இரண்டாவது கிண்ணம் போட்டுக்கொண்டே, மாதா திருநாள் முடிந்த மறுவாரம் நிச்சயத்தை வைத்துக்கொள்வோம் என்றார். அந்தக் கேசரி இருந்தால் அதையும் கொண்டு வரச் சொன்னார்.

அவர்கள் போனபின் பெல்லார்மின் மேசை விரிப்பை உருவிக்கொண்டு போய்ப் பின்கட்டில் துவைத்தார். காப்பிக் கறை இருந்த இடம் தெரியவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. கொடியில் உதறிப் போட்டுவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"மதினி, அந்தச் சிலுவை அடையாளக் கணக்கு நெசம். பதினோரு வருசம் அடுத்த கதவு வழியாப் பாத்ததுல நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

"தெரியும் தம்பி," என்றாள் பிரிஜித்தா, கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே. "ஆனா இனிமே உண்மை எதாவது சொல்லப் போறீருன்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பும். திடுதிப்புன்னு சொன்னா நாங்க எப்படி நம்ப?"